மடையில் உட்கார்ந்தவள்

போன வருஷம் பங்குனி பிறந்து நாலைந்து நாள் இருக்கும். சென்னையிலிருந்து தோழிகள் மூன்று பேர் காரை எடுத்துக்கொண்டு மரக்காணத்துக்குப் போயிருந்தோம். கடற்கரையை ஒட்டிய ஒரு சின்ன விடுதியில் மூன்று நாள் தங்குவதாக ஏற்பாடு. ஏற்பாடு செய்தது நான்தான். பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியையாக இருந்து ரிட்டயர் ஆனவள் நான். எதையும் நானே முன்னால் நின்று செய்யாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. "உனக்கு வேலைதான்டீ ரிட்டயர் ஆச்சு, வாய் ஆகல" என்று மற்ற இரண்டு பேரும் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

மூவரும் ஒரே ஹாஸ்டல் அறையில் இருந்து படித்தவர்கள். ஒருத்தியை அந்தக் காலத்திலிருந்தே நெட்டை என்றுதான் கூப்பிடுவோம். இப்போது அவளுக்குப் பறவைப் பைத்தியம். கழுத்தில் பைனாகுலர், தோளில் கேமரா, கையில் ஒரு நோட்டு. மொட்டை மாடியில் காக்கா உட்கார்ந்தால்கூடக் குறித்து வைப்பாள்.

இன்னொருத்தி தபால் ஆபீசில் கவுன்ட்டரில் இருந்தவள். அவள் ஒரு சத்தம் போட்டால் வாசல் வரை நிற்கிற வரிசை நேராகிவிடும். அப்படி ஒரு குரல். கணவர் பக்கவாதத்தில் விழுந்ததும் வேலையை விட்டுவிட்டாள். இரண்டு வருஷம் அவருக்குக் குளிப்பாட்டுவது, ஊட்டுவது, புரட்டிப் போடுவது எல்லாம் அவளே. ஆள் வைத்தால் அவருக்குப் பிடிக்காது என்று யாரையும் விடவில்லை. இரண்டாம் வருஷக் கடைசியில் அவர் போய்விட்டார்.

அதன் பிறகு அவள் ஆளே மாறிவிட்டாள். அழவில்லை, புலம்பவில்லை. எதைக் கேட்டாலும் "சரி" என்பாள். மகனும் மருமகளும் தங்கமானவர்கள். சமைக்க ஒரு ஆள், பெருக்கித் துடைக்க ஒரு ஆள் என்று போட்டுவிட்டார்கள். பட்ட பாடெல்லாம் போதும், இனிமேல் நிம்மதியாக இருக்கட்டும் என்றுதான். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். வருஷத் திதி முடியட்டும் என்று காத்திருந்து, முடிந்த மறு மாதமே கிளப்பிக்கொண்டு வந்துவிட்டேன். எப்படியாவது அவளைச் சிரிக்க வைத்துவிட வேண்டும். இதுதான் என் திட்டம். திட்டம் போட்டால் நடந்துவிடும் என்று நினைக்கிற ஜென்மம் நான்.

முதல் நாள் முழுக்க என் வாயில் ஒரே வார்த்தைதான். கார் கதவைத் திறக்க வந்தாளா, "நீ உக்காரு." பெட்டியைத் தூக்க வந்தாளா, "உனக்கெதுக்கு, நீ உக்காரு." சாயங்காலம் மணலில் நண்டுகள் குறுக்கும் நெடுக்கும் ஓடிக்கொண்டிருந்தன. நெட்டை சின்னப் பிள்ளை மாதிரி அவற்றைத் துரத்தினாள். இவளும் எழுந்தாள். ஈர மணலில் வழுக்கிவிடுமே என்று நான் பதறி, கையைப் பிடித்து மறுபடி நாற்காலியில் உட்கார வைத்தேன். "சரி" என்று உட்கார்ந்துகொண்டாள்.

மறுநாள் காலை ஆறு மணிக்கெல்லாம் நெட்டை எங்களை எழுப்பி உப்பளத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே பூநாரைகள் வந்திருப்பதாக விடுதிக்காரர் சொல்லியிருந்தாராம்.

ஈ.சி.ஆர். ரோட்டில் எத்தனையோ தடவை பாண்டிச்சேரிக்குப் போயிருக்கிறேன். இரண்டு பக்கமும் வெள்ளைக் குவியல்களைக் கண்ணாடி வழியாகப் பார்த்து, "அதோ உப்பு" என்று சொன்னதோடு சரி. இறங்கி நடந்தது அன்றைக்குத்தான். கண்ணுக்கெட்டிய தூரம் வரைக்கும் கட்டம் கட்டமாகப் பாத்திகள். ஒன்றில் தண்ணீர் பளிங்கு. அடுத்ததில் பால் ஆடை மாதிரி மேலே ஒரு வெள்ளை. இன்னும் கொஞ்சம் தள்ளி ஒரு பாத்தியில் தண்ணீர் ரோஸ் நிறத்தில் இருந்தது. யாரோ சாயம் கொட்டிவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். உப்பு முற்ற முற்ற அப்படி ஆகுமாம்.

சொன்னது அங்கே வேலை செய்துகொண்டிருந்த ஒரு பெண். நாற்பது வயதிருக்கும். நைட்டிக்கு மேலே முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, காலில் ஒன்றுமில்லை. அவரும் கணவருமாக நாலு பாத்தி குத்தகைக்கு எடுத்திருக்கிறார்கள். கணவர் தூரத்தில் மோட்டார் கொட்டகையில் இருந்தார். அந்தப் பெண் வரப்போரத்தில் சிவப்பும் பச்சையுமாகப் படர்ந்திருந்த ஒரு செடியைக் கிள்ளி எங்கள் கையில் கொடுத்தார்.

"உமிரி. வாயில போட்டுப் பாருங்க."

மென்று பார்த்தால் உப்புப் போட்டு வதக்கிய கீரை! செடியிலேயே உப்பு. நெட்டை ஒரு கைப்பிடி பறித்து நோட்டுக்குள் வைத்துக்கொண்டாள்.

பறவை பார்க்க உள்ளே போகலாமா என்று கேட்டோம். அவர் கையை நீட்டிக் காட்டினார். "இந்தப் பெரிய வரப்பு மேலயே போங்க. ஒண்ணும் ஆவாது. அந்தப் பக்கம் சின்ன வரப்புல மட்டும் கால வெச்சுடாதீங்க. நேத்துதான் மடை கட்டுனோம், மண்ணு இன்னும் காயல. அந்தப் பாத்தி உப்பை நாளைக்கு வாரப் போறோம்."

கூடவே இன்னொன்றும் சொன்னார். மாசியில் எடுக்க வேண்டிய உப்பு, எதிர்பாராத மழையில் அப்படியே கரைந்து போய்விட்டதாம். மறுபடி முதலிலிருந்து தண்ணீர் கட்டி, காய வைத்து, இப்போதுதான் படிந்திருக்கிறது. இதுதான் அந்த வருஷத்தின் முதல் உப்பு. முதல் கூடை அம்மன் கோயிலுக்கு, மற்றதெல்லாம் அப்புறம். அதைச் சொல்லும்போது அந்தப் பாத்தியை அவர் பார்த்த பார்வை இருக்கிறதே, தொட்டிலில் தூங்குகிற பிள்ளையைப் பார்க்கிற மாதிரி இருந்தது.

எல்லாவற்றுக்கும் நான் தலையை ஆட்டினேன். நன்றாகவே ஆட்டினேன்.

பூநாரைகள் நிஜமாகவே இருந்தன. ஒரு முப்பது நாற்பது இருக்கும். குச்சிக் கால்களில் நின்றுகொண்டு தலையைக் கவிழ்த்துத் தண்ணீரைத் துழாவின. ஒன்று இறக்கையை விரித்தபோது உள்ளே அப்படி ஒரு செம்பருத்திச் சிவப்பு. நெட்டை கேமராவைக் கண்ணிலிருந்து எடுக்கவே இல்லை. நான் எங்கள் தோழியின் முகத்தைப் பார்த்தேன். அவள் பறவைகளைப் பார்க்கவில்லை. தூரத்தில் அந்தப் பெண் மண்ணை மிதித்து வரப்பைச் சரிசெய்வதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

எனக்கு மனசு கேட்கவில்லை. "இங்க பாரு, பறவை பின்னாடி தெரியற மாதிரி நில்லு. ஒரு போட்டோ எடுக்கறேன். கொஞ்சம் சிரியேன்" என்று செல்போனைத் தூக்கினேன். நின்றாள். சிரிக்கவில்லை. பறவைகள் படத்தில் வரவில்லை. ஒரு அடி பின்னால் போனேன். தலை வெட்டுப்பட்டது. இன்னொரு அடி. "சிரிடீ, காசா பணமா?" இன்னொரு அடி.

தூரத்தில் அந்தப் பெண் கையை ஆட்டி ஏதோ கத்தினார். படம் எடுக்கக் கூடாது என்கிறாராக்கும் என்று நினைத்து, "ஒரு நிமிஷம்மா" என்று நானும் கையை ஆட்டினேன்.

அடுத்த அடியில் காலுக்குக் கீழே தரை இல்லை. முழங்கால் வரைக்கும் பொதக்கென்று சேற்றில் இறங்கிவிட்டேன். அந்தச் சின்ன வரப்பு. அந்த மடை. என் எழுபத்தெட்டு கிலோவும் அதன் மேல்தான்.

காலைப் பிடுங்கினேன் பாருங்கள், அதோடு மடை மண்ணும் பெயர்ந்து வந்துவிட்டது. சின்ன வரப்புக்கு ஒரு பக்கம் வாய்க்கால், மறு பக்கம் பாத்தி. வாய்க்கால் மேடு, பாத்தி பள்ளம். கழியிலிருந்து மோட்டார் இறைத்துவிட்ட கடல் தண்ணீர் சலசலவென்று உப்புப் படிந்த பாத்திக்குள் இறங்க ஆரம்பித்தது. உப்பு முற்றாத தண்ணீர் உள்ளே போனால் படிந்த உப்பையெல்லாம் அது கரைத்துவிடும் என்பது எனக்குக்கூடப் புரிந்தது. ஐயோ, மழை கரைத்த பிறகு மறுபடி படிந்ததை நான் கரைக்கிறேனே!

இரண்டு கையாலும் மண்ணை அள்ளி வைத்தேன். வைக்க வைக்கத் தண்ணீர் அடித்துக்கொண்டு போனது. ஒரு சாண் அகலம் இருந்த உடைப்பு இரண்டு சாண் ஆகிவிட்டது. நெட்டை என் தோளைப் பிடித்து இழுப்பதா, கேமராவைப் பிடிப்பதா என்று தெரியாமல் தவித்தாள். அந்தப் பெண் வரப்பு வரப்பாக ஓடி வந்துகொண்டிருந்தார். ஆனால் நடுவில் இன்னும் நாலு பாத்தி இருந்தது.

அப்போதுதான் எங்கள் தோழி செருப்பைக் கழற்றினாள். புடவையை முழங்காலுக்கு மேலே தூக்கிச் செருகினாள். நேராக வந்து, அந்த உடைப்பில், வாய்க்காலுக்கு முதுகைக் காட்டி, சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

தண்ணீர் நின்றது. முழுசாக இல்லை, இரண்டு பக்கமும் கசிந்தது. ஆனால் பாய்ச்சல் நின்றுவிட்டது.

ஓடி வந்த பெண் அதைப் பார்த்தார். "அப்டியே உக்காருங்கக்கா! ஏந்திரிக்காதீங்க! அசையாதீங்க!"

"அசையல. நீங்க மண்ணைக் கொண்டாங்க" என்றாள் இவள். பிறகு எங்கள் பக்கம் திரும்பினாள். "ஏய் நெட்டை, ஓடு. கொட்டாய்ல அவர்கிட்ட மோட்டாரை நிறுத்தச் சொல்லு. கேமராவ அப்புறம் கொஞ்சிக்கலாம். நீ என்னடீ நின்னு பாத்துக்கிட்டிருக்க? வரப்பு மேல கெடக்கற அந்தச் சாக்கை எடுத்தா!"

அந்தக் குரல்! தபால் ஆபீஸ் குரல். அதைக் கேட்டு எத்தனை நாள் ஆகிவிட்டது! நெட்டை அந்த வயதிலும் கொக்கு மாதிரி கால் வைத்து ஓடினாள். நான் தட்டுத்தடுமாறிச் சாக்கைத் தூக்கிக்கொண்டு வந்தேன். அந்தப் பெண் களிமண்ணை வாரி வாரி அவள் இடுப்பைச் சுற்றி அணைத்து மிதித்தார். மோட்டார் நின்றது. கணவரும் மண்வெட்டியோடு ஓடி வந்தார்.

கால் மணி நேரத்துக்கு மேல் அவள் அந்தத் தண்ணீரில் உட்கார்ந்திருந்தாள். உப்புத் தண்ணீர் பட்டுத் தொடையெல்லாம் எரிந்திருக்கும். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. "இந்தப் பக்கம் கசியுது பாருங்க," "இங்க ஒரு கை வைங்க" என்று மேஸ்திரி மாதிரி சொல்லிக்கொண்டே இருந்தாள்.

மடை கெட்டியானதும் அந்தப் பெண் எங்களை ஏறெடுத்தும் பார்க்காமல் பாத்தி ஓரமாக நடந்தார். ஒரு அடிக்கு ஒரு தடவை காலைத் தண்ணீருக்குள் விட்டு அடியில் தடவிப் பார்த்தார். உப்பு போய்விட்டது என்று சொன்னால் நான் என்ன செய்வேன்? பணத்தைக் கொடுத்தால் முதல் உப்பு திரும்பி வந்துவிடுமா? சுற்றி முடித்து வந்தவர், "மடையாண்ட ஒரு மூலை கரைஞ்சுபோச்சு. மத்தது நின்னுடுச்சு" என்றார்.

அதற்கப்புறம்தான் என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, படிச்சவங்கதானே நீங்க? அவ்ளோ சொல்லியும் காதுல ஏறலியா?"

முப்பது வருஷம் நான் பிள்ளைகளைப் பார்த்துக் கேட்ட கேள்வி அது. என்னைப் பார்த்து ஒருத்தர் கேட்டது அன்றைக்குத்தான். அந்தப் பிள்ளைகள் மாதிரியே கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். "தப்புதாம்மா, மன்னிச்சுடும்மா" என்றேன்.

அவர் அதற்குமேல் திட்டவில்லை. குடத்திலிருந்த நல்ல தண்ணீரை எடுத்து வந்து எங்கள் தோழியின் கால்களைக் கழுவினார். "எண்ணெய் தடவாம நாங்களே எறங்க மாட்டோம்க்கா. எப்டி எரிஞ்சுதோ" என்று சொல்லிக்கொண்டே, ஒரு பாட்டிலிலிருந்து விளக்கெண்ணெயை ஊற்றிப் பாதம், கணுக்கால் எல்லாம் தடவிவிட்டார். இவள் காலை இழுத்துக்கொள்ளவில்லை. கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். கண்ணீர் வழிந்தது. எரிச்சலால் வந்த கண்ணீர் இல்லை என்று எனக்குத் தெரியும். இரண்டு வருஷம் தினமும் அவள் இப்படித்தான் கணவருடைய காலுக்கு எண்ணெய் தடவிவிட்டாள். அந்தப் பெண் நிதானமாக இரண்டு காலுக்கும் தடவி முடித்தார்.

நாங்கள் கிளம்பும்போது அந்தப் பெண் தன் கணவரிடம், நாத்தனாருக்கு உடம்பு சரியில்லை, நாளைக்கு வார ஒரு ஆள் குறைகிறது என்று ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார்.

"நான் வரட்டுமா?" என்றாள் எங்கள் தோழி.

உனக்கெதுக்கு இதெல்லாம் என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். நெட்டை என் காலை ஓங்கி மிதித்தாள். உப்பளத்துப் பெண் இவளை மேலும் கீழும் ஒரு தடவை பார்த்தார். "அஞ்சு மணிக்கெல்லாம் வந்துடணும். வெயில் ஏறுனா ஆவாது. எண்ணெய் நான் கொண்டாறேன்" என்றார். அவ்வளவுதான்.

காரில் சீட்டு நனையாமல் பேப்பரை விரித்து அவளை உட்கார வைத்தோம். சேறும் உப்புமாக இருந்தாள். புடவை மொடமொடவென்று காய ஆரம்பித்திருந்தது. கொஞ்ச தூரம் போனதும் அவளே ஆரம்பித்தாள்.

"ஒரு வருஷமா எல்லாரும் என்னை உக்காரு உக்காருன்னுதான்டீ சொல்றீங்க. இன்னைக்குத்தான் நான் உக்காந்ததுக்கு ஒரு வேலை இருந்துச்சு."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். நான் எந்தச் சிரிப்புக்காகச் சென்னையிலிருந்து திட்டம் போட்டுக்கொண்டு வந்தேனோ அந்தச் சிரிப்பு. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. வண்டியை ஓரங்கட்டிவிட்டு அழுதேன்.

ஆனால் அவள் சொன்னது எனக்கு முழுசாக உறைத்தது மறுநாள்தான். ஐந்து மணிக்கு மூன்று பேரும் போய் நின்றோம். நெட்டைக்கும் அவளுக்கும் காலில் எண்ணெய் தடவியாயிற்று. நானும் காலை நீட்டினேன். அந்தப் பெண் லேசாகச் சிரித்துக்கொண்டே பெரிய வரப்பைக் காட்டினார். "நீங்க வேணாம்க்கா. அங்க உக்காருங்க. அசையாம உக்காந்திருந்தீங்கன்னாலே எங்களுக்குப் பெரிய ஒத்தாச."

உட்கார்ந்தேன். கிழக்கே வெளுத்தது. நீளக் கம்பில் பலகை மாட்டி அவர்கள் உப்பை இழுக்க, கரகரவென்று சத்தம். எங்கள் தோழி முதலில் தடுமாறினாள். அந்தப் பெண் பின்னால் நின்று அவள் கையைப் பிடித்து இழுத்துக் காட்டினார். பிறகு அவளே இழுத்தாள். வரப்போரத்தில் வெள்ளையாகக் குவிந்தது. முதல் கூடையை நிரப்பும்போது நெட்டை ஒரு கை போட்டாள், அவள் ஒரு கை போட்டாள். நான் வரப்பு மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாரும் ஓடியாடி வேலை செய்கிறார்கள். என்னை யாரும் திட்டவில்லை, வெறுக்கவில்லை. நடுவில் டீ கூட எனக்குத்தான் முதலில் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஆனாலும் என்னால் தாங்க முடியவில்லை. கை ஊறியது. ஏதாவது சொல்லி எழுந்து போய்விடலாமா என்றிருந்தது. மணியைப் பார்த்தால் உட்கார்ந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

ஒரு மணி நேரத்துக்கே எனக்கு இந்தக் கதி. அவளை நாங்கள் ஒரு வருஷம் இப்படி உட்கார வைத்திருந்தோம். அன்பாக, கவனமாக, டீயெல்லாம் முதலில் கொடுத்து.

ஊருக்குத் திரும்பியதும் அவள் சமையல்காரம்மாவை நிறுத்தவில்லை. பாவம், அவருக்கும் பிழைப்பு இருக்கிறதே. ஆனால் காலையில் அடுப்படி அவளுடையது என்று சொல்லிவிட்டாள். பக்கத்துத் தெருவில் பக்கவாதத்தில் படுத்திருக்கும் ஒரு அம்மாவைக் குளிப்பாட்டுவதற்கு, வாரத்தில் மூன்று நாள் போய் அந்த வீட்டுப் பெண்ணுக்குக் கை கொடுக்கிறாள். அழ ஆரம்பித்திருக்கிறாள். சண்டையும் போடுகிறாள். போன வாரம் என்னிடமே போனில் கத்தினாள். நான் சந்தோஷமாக வாங்கிக்கொண்டேன்.

நானும் கொஞ்சம் மாறியிருக்கிறேன். துக்கம் நடந்த வீட்டுக்கு முதல் நாள் போனால், பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்கிறேன். அன்றைக்கு அதுதான் வேண்டும். ஆனால் மாதங்கள் கழித்து மறுபடி போகும்போது, எழுந்து வருகிறவர்களை "நீங்க உக்காருங்க" என்று நான் அமர்த்துவதில்லை. நானே ஒரு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, "ஒரு காபி போட்டுக் குடுங்களேன்" என்று கேட்கிறேன். உள்ளே பாத்திரம் உருளுகிற சத்தம் கேட்கிற வரைக்கும் அசையாமல் உட்கார்ந்திருக்கிறேன்.